பன்னிரண்டாம் நம்பர்

தம்பி, காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பைக்குள் இரும்பு இருக்கிறது. பிரேக் போட்டால் நகரும், விரலில் பட்டால் நகம் போய்விடும். பின்சீட்டில்தான் இருந்தேன். அங்கே தூக்கித் தூக்கிப் போடுகிறது, இடுப்புக்கு ஆகவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள், எனக்கு வேண்டாம்.

நீங்கள் புளியங்குடிதானே? கண்டக்டரிடம் கேட்டது காதில் விழுந்தது. நானும் புளியங்குடிதான். இந்தப் பையைக் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நின்று பேச நேரம் இல்லை. நாளைக்கு ஆயுத பூஜை. பட்டறையில் ஒரு சாமான்கூட இன்னும் கழுவவில்லை.

கார் பட்டறை. கோவில்பட்டியில், பைபாஸ் ஓரம். சீனிவாசகம் பட்டறை என்றால் யாரும் சொல்வார்கள். சீனிவாசகம் மீரான் பட்டறை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. போர்டை மாற்ற வேண்டும். பெயின்ட் அடிக்கிறவன் இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் நான் வெளியே போயிருந்தேன்.

பையில் இருப்பது என் கூட்டாளி மீரானுடைய சாமான். அவன் இப்போது புளியங்குடியில் இருக்கிறான். ஒரு வருஷமாக என் பட்டறையில் கிடக்கிறது. விட்டுவிட்டுப் போனவன் வந்து எடுக்க வேண்டுமா இல்லையா? வரவில்லை. ஒரு போன் இல்லை. நாளைக்குப் பூஜை, அவன் சாமானை நான் என்ன செய்ய? பூஜையில் வைத்தால், எவனுடைய சாமானுக்கோ நான் பொட்டு வைக்கிறேன். வைக்காவிட்டால், பதினெட்டு வருஷம் வைத்ததை இந்த வருஷம் வெளியே தள்ளியது மாதிரி ஆகும். அதற்காகத்தான் கிளம்பினேன். வேறு ஒன்றும் இல்லை.

அவனைக் கூப்பிடவா போகிறேன்? கூப்பிட மாட்டேன். வருகிறேன் என்று அவனாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.

தப்பு என் பேரில் இல்லை தம்பி. அதைச் சொல்லிவிடுகிறேன். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. டீக்கடைக்காரரிடம் சொன்னேன். என் மைத்துனனிடம் சொன்னேன். மற்றபடி யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறையில் ஆயுத பூஜை பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவித் துடைத்துவிடுவோம். உள்ளே சின்ன அறையில் சிவப்புத் துணி விரித்து அதில் அடுக்குவோம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, சுண்டல். பதினொரு மணிக்குச் சூடம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு சாமானையும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும். யார் வந்தாலும், எந்த வண்டி வந்தாலும். என் அப்பா லாரி செட்டில் வேலை பார்த்த காலத்திலிருந்து அப்படித்தான்.

கழுவுவதும் அடுக்குவதும் மீரான்தான். பதினெட்டு வருஷமும் அவன்தான். ஸ்பேனரெல்லாம் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும், முனைக்கு ஒரு நம்பராக ஆறு ஏழு, எட்டு ஒன்பது, பத்து பதினொன்று என்று ஒரு கோடு போட்ட மாதிரி வைப்பான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொட்டு வைப்பது என் வேலை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நிற்பான். உள்ளே வர மாட்டான், விலகிப் போகவும் மாட்டான். சூடம் அணைந்ததும், "அண்ணாச்சி, பொரில கடலை கம்மியாத் தெரியுதே, நீங்க முந்திட்டீங்களா?" என்பான். வருஷா வருஷம் அதே கேள்வி. அவன் பிள்ளைகளுக்குத்தான் முதல் பொட்டலம் போகும். நான் ஒரு நாளும் அவனை வேறு ஆளாக நினைத்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவான் தம்பி. அது ஒரு வியாதி. சாயங்காலம் கதவை இழுப்பதற்கு முன்னால் எல்லாச் சாமானையும் எண்ணுவான். ஒன்று குறைந்தால் வீட்டுக்குப் போக மாட்டான். ஒரு தடவை பத்து பதினொன்று ஸ்பேனர் காணவில்லை. மத்தியானம் டெலிவரி எடுத்துப் போன வண்டிக்குள் விட்டிருப்போம் என்று பஸ் ஏறி விளாத்திகுளம் போய், அந்த வீட்டுக்காரரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, பானட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தான். "வேற வாங்கிக்கலாம்லா" என்று கேட்டேன். "அது நம்ம பத்து பதினொண்ணு அண்ணாச்சி" என்றான். அப்படி ஒரு ஆள்.

போன வருஷம் பூஜை முடிந்து ஒரு பன்னிரண்டரை இருக்கும். ஒரு கார் புகை விட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றது. புகை இல்லை, ஆவி. பானட்டைத் திறந்தால் என்ஜின் தலைப் பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிறது. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். புருஷன், பெண்சாதி. அவன் பெயர் கிளாட்சன். அந்தப் பிள்ளை பெயர் ஷெர்லி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவன் துபாய்க்குப் போகிறான். மதுரையில் சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஃபிளைட். திருவனந்தபுரத்தில் டிக்கெட் கிடைக்கவில்லையாம். விசா மறுநாளோடு முடிகிறது. அன்றைக்கு ஏறாவிட்டால் அந்த வேலை இல்லை. எங்களிடம் வந்து நின்றதும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொன்னான்.

நான் பார்த்தேன். வெந்நீர் வெளியே போகிற வாயில் ஒரு அலுமினிய மூடி இருக்கும், உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கும். அந்த மூடிக்கு அடியில் உள்ள பேக்கிங் அட்டை கிழிந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை. இரண்டே போல்ட். கழற்றி, புது அட்டை வெட்டிப் போட்டு, திரும்ப முடுக்கினால் வண்டி மதுரை என்ன, காசி வரைக்கும் போகும். இருபது நிமிஷ வேலை. "ரெண்டரைக்குள்ள கெளம்புனாப் போதும்ல?" என்று கேட்டேன். "போதும் அண்ணே" என்றான்.

மீரான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் அன்றைக்கு.

"அண்ணாச்சி, ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டுல விட்டுருவோம். ஒரு மணிக்கு மதுரை பஸ் இருக்கு. வண்டி இங்க கெடக்கட்டும், நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

"இருவது நிமிச வேலைக்கு எதுக்குவே பஸ்ஸு? நாலு பெட்டி வச்சிருக்கான்."

"எதை வச்சுக் கழட்டுவீங்க? நகத்தை வச்சா?"

எங்கள் வெளிக்கதவில் கொக்கிக்குக் குறுக்கே ஒரு பழைய ரிங் ஸ்பேனர் செருகியிருக்கும். அப்பா காலத்துச் சாமான், அரை இஞ்ச். பூட்டு தொலைந்துபோன நாளிலிருந்து அதுதான் தாழ்ப்பாள். அது பூஜையில் இல்லை. நான் போய் அதை உருவிக்கொண்டு வந்தேன்.

"அது கதவுத் தாப்பா அண்ணாச்சி."

"ஸ்பேனராப் பொறந்ததுதானவே."

"அரை இஞ்ச் அது. இது பன்னெண்டு எம்எம் போல்ட்டு. உள்ள டான்ஸ் ஆடும்."

அவன் சொன்னது சரிதான். அரை இஞ்ச் என்றால் பன்னிரண்டைவிடக் கொஞ்சம் பெரியது, முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். பேப்பரை மடித்து இடையில் வைத்தால் பிடிக்கும். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். லேசாக இருக்கிற போல்ட்டுக்கு அது போதும். அது லேசாக இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மீரான் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டுல ஒண்ணு செய்வோம் அண்ணாச்சி. ஒரு மனுசன் பொழப்பு இது. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள இருக்கற பன்னெண்டு பதிமூணை நீங்க எடுங்க. இல்லையா, தொடாம பஸ்ல ஏத்திவிட்டுருவோம். இதை வச்சு மட்டும் வேண்டாம்."

பூஜையில் வைத்ததை எடுக்கச் சொல்கிறான் தம்பி. என் பட்டறையில், என்னிடம். எனக்கு எப்படி இருக்கும்? நான் சொன்னேன், "நீ சொல்லுவே. ஒனக்கு அது இரும்பு. எனக்கு அப்படி இல்ல."

இவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்? அவன் பனியன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். அழுக்கே இல்லாத கை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

கழுகுமலையா? ஆமாம், கழுகுமலைதான். இங்கே ஐந்து நிமிஷம் நிற்பான். டீ வேண்டுமா? வேண்டாமா, சரி.

முதல் போல்ட் வந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், ஒரே இழுப்பு. "பாத்தியா?" என்றேன். மீரான் பேக்கிங் அட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இரண்டாவது போல்ட் உள்பக்கம், ரப்பர் குழாய்க்கு அடியில். கையை முழங்கை வரைக்கும் விட்டால்தான் எட்டும். அந்த இடத்தில் தண்ணீர் நாள்பட்டுக் கசிந்திருக்கிறது. அலுமினியத்தில் இரும்புப் போல்ட், நடுவில் தண்ணீர். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, போல்ட்டும் என்ஜின் ஹெட்டும் ஒன்றாகிவிட்டிருந்தது. என்ஜின் சூடு வேறு. கை ரோமம் பொசுங்குகிறது.

உங்களுக்குத் தெரியாது தம்பி. இறுகின போல்ட் அசைகிறபோது கைக்கு ஒன்று தெரியும். அதுவரைக்கும் எதிர்த்துக்கொண்டிருந்தது சட்டென்று விடும். ஸ்பேனர் வழுக்குகிறபோதும் அதே மாதிரிதான் விடும். அசைந்துவிட்டது என்று மனசு சந்தோஷப்படும். அப்புறம் ஸ்பேனரை எடுத்துப் பார்த்தால் மூலைகள் இருக்காது. ஆறு மூலையில் நாலு போய்விட்டது. வழுவழுவென்று உருண்டையாக இருந்தது.

மீரான் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "விட்டுருங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மூலை இருக்கு. சரியான பன்னெண்டு இருந்தாத் தட்டி இறக்கலாம், பிடிச்சுக்கிடும். நான் எங்கயாவது வாங்கியாரேன். வர்ற வரைக்கும் தொடாதீங்க. என்ன? தொடாதீங்க."

சின்னப் பையனிடம் சொல்கிற மாதிரி. அந்தப் புருஷன் பெண்சாதிக்கு முன்னாலேயே.

எங்கே போய் வாங்குவான்? ஊர் முழுக்கப் பட்டறைகளில் சாமான் எல்லாம் துணியில் கிடக்கிறது. லேத், வெல்டிங், சைக்கிள் கடை, எங்கேயும் தொட மாட்டார்கள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் வெயிலில் பைபாஸ் பக்கம் நடந்து போனான். மணி ஒன்று இருபது.

கிளாட்சன் ஒரு தடவை வாட்சைப் பார்ப்பான், ஒரு தடவை ரோட்டைப் பார்ப்பான். அவன் அம்மா போன் செய்கிறாள், எடுக்கவில்லை. ஷெர்லி என்னிடம் வந்து, "அண்ணே, நாங்க பஸ்லயே போயிரட்டுமா?" என்று கேட்டது. "பத்து நிமிசம்மா" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. "பத்து நிமிசம்மா" என்றேன். என் பட்டறைக்குள் வந்த வண்டி பானட்டைத் திறந்தபடி நிற்க, ஆட்கள் பஸ்ஸுக்குப் போன கதை இதுவரைக்கும் கிடையாது. ஒன்று நாற்பது ஆயிற்று. மீரானைக் காணவில்லை. ஒன்று நாற்பத்தைந்து. ஒரு ஆள் எவ்வளவு நேரம்தான் தொடாமல் நிற்பான்?

உள்ளே போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடுத்தேன். ஸ்பேனர் எதையும் நான் தொடவில்லை. அளவுள்ள சாமானுக்குத்தான் இந்த நியமமெல்லாம். சுத்தியலுக்கு என்ன அளவு? தேங்காய் உடைக்கிற வீட்டிலெல்லாம் சுத்தியல் இருக்கிறது. பிறகு துடைத்துத் திரும்ப வைத்துப் புதிதாகப் பொட்டும் வைத்துவிட்டேன். எடுத்த மாதிரியே இல்லை.

போல்ட் தலையின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, கழற்றுகிற பக்கமாகத் தட்ட வேண்டும். நிதானமாகத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, நிறுத்து, பார். ஒரு தட்டு, நிறுத்து, பார். உள்ளே கை நுழைய இடம் இல்லை. சுத்தியலைப் பாதிதான் ஓங்க முடியும். வியர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்க இன்னொரு கை இல்லை. கிளாட்சன் என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறான். முதல் தட்டில் உளி பதிந்தது. இரண்டாவதில் போல்ட் அசைந்தது. என் அம்மா மேல் சத்தியமாக அசைந்தது. "வருது, வருது" என்று கிளாட்சன் கத்தினான். மூன்றாவது தட்டைக் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்.

டப்பென்று ஒரு சத்தம். தலை தெறித்து ரேடியேட்டரில் பட்டு, வெளியே விழுந்து உருண்டு, அந்தப் பிள்ளை காலடியில் போய் நின்றது. குனிந்து எடுத்தது. சூடு, புடவைத் தலைப்பில் பிடித்து எடுத்தது. முகமெல்லாம் சிரிப்பு. "வந்துருச்சா அண்ணே? இதுதானே?" என்று என் கையில் கொடுத்தது.

போல்ட்டின் தலை மட்டும்தான் என் கையில் இருந்தது. உடம்பு ஹெட்டுக்குள்ளே, மட்டத்தோடு மட்டமாக முறிந்துபோய்க் கிடந்தது. பிடித்து இழுக்க ஒரு நூல் அளவுகூட வெளியே இல்லை.

"பாதி வந்துருச்சும்மா" என்றேன். பொய் இல்லையே அது.

அந்த நேரம் பார்த்து மீரான் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் நெட்டையாக ஒரு லாரி டிரைவர், ராஜஸ்தான் வண்டி. பைபாஸில் ரொட்டிக் கடை முன்னால் நின்றிருக்கிறது. அவர்களுக்கு இங்கத்திப் பூஜை கிடையாது. இந்தி தெரியாமல், விரலைத் திருகிக் காட்டியே விஷயத்தைச் சொல்லி வாங்கிவிட்டான். கையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். பூஜை நாளும் அதுவுமாக, ஊர் பேர் தெரியாத லாரிக்காரன் சாமானை என் பட்டறைக்குள் கொண்டுவருகிறான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

என்ஜினைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். சுத்தியலைக் கீழே வைக்க மறந்துவிட்டேன். பிடியில் சந்தனம் ஒட்டியிருந்தது. பிறகு உள் அறையின் வாசற்படி வரைக்கும் போனான். உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று பார்த்தான். அவன் அடுக்கிய வரிசை. சுத்தியல் இருந்த இடத்திலும் உளி இருந்த இடத்திலும் சிவப்புத் துணி தெரிந்தது.

திட்டியிருக்கலாம். எத்தனையோ தடவை என்னைத் திட்டியிருக்கிறான், நானும் திட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அந்த டிரைவரிடம் ஏதோ ஜாடை காட்டினான். லாரி மதுரை வழியாகத்தான் போகிறது. நாலு பெட்டியையும் அவனும் கிளாட்சனுமாகத் தூக்கி லாரியில் வைத்தார்கள். டிரைவருக்கு ஏர்போர்ட் ரோடு தெரியாது, கூடப் போய்க் காட்டுகிறேன் என்று மீரானும் ஏறினான். அந்தப் பிள்ளை, வண்டியை விட்டுவிட்டு வர முடியாது, அண்ணன் வந்து கூட்டிப் போவான் என்று இருந்துகொண்டது. கீழே நின்று புருஷனுக்குக் கை காட்டியது. மணி இரண்டு பத்து.

எனக்குக் கோபம் வருமா வராதா? வேலை பாதியில் நிற்கிறது, கூட்டாளி லாரியில் ஏறுகிறான். லாரிக்குக் கீழே போய் நின்று, "போறதுன்னா ஒன் சாமானையும் தூக்கிட்டுப் போவே" என்றேன். கோபத்தில் எவனும் சொல்கிற வார்த்தைதானே.

மேலே இருந்து சொன்னான். "பூஜைல இருக்குல்லா அண்ணாச்சி. நாளைக்குத்தானே எடுக்கணும்."

கேட்டீர்களா? நாளைக்கு என்று அவன் வாயால் சொன்னான். மறுநாள் காலையில் ஏழு மணிக்குச் சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது யார்? நீங்களே சொல்லுங்கள்.

ஃபிளைட்டா? பிடித்துவிட்டான். வாசலில் கடைசி ஆளாக ஓடி நுழைந்தானாம். அந்தப் பிள்ளைக்குப் போன் வந்தது. அழுதுகொண்டே பேசியது. ஆறு மணிக்கு அண்ணன்காரன் வருகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. குடிக்கக் கலர் வாங்கி வைத்தேன், தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "அந்த இன்னொரு அண்ணன் எப்ப வருவாங்க?"

கார் என்னிடம் ஒன்பது நாள் கிடந்தது. முறிந்த போல்ட்டில் டிரில்லால் ஓட்டை போட்டு, அதற்குள் இடப்பக்கமாகத் திருகி இறக்குகிற ஒரு சாமான் இருக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் என்போம். இறங்க இறங்கப் போல்ட்டைக் கவ்விக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிடும். டிரில் அரை நூல் கோணிவிட்டது. இருக்கட்டும் என்று இறக்கினேன். அதுவும் உள்ளேயே முறிந்தது. போல்ட்டாவது மெல்லிரும்பு. இது டிரில்லே இறங்காத இரும்பு. இப்போது ஓட்டைக்குள் ஒன்றுக்கு இரண்டு. அந்த மாதிரி வேலையெல்லாம் மீரான் பார்ப்பது. எனக்குப் பெரிய வேலை, கியர்பாக்ஸ் மாதிரி. பத்தாவது நாள் அண்ணன்காரன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். நாகர்கோவிலுக்கு என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, இதே ரூட் கண்டக்டர் ஒருவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். புளியங்குடியிலிருந்து கொடுத்துவிட்டார்கள் என்றார். இருங்கள், சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். பிடியுங்கள். பார்த்தீர்களா? அந்தப் போல்ட்டின் உடம்பு. மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறான். உள்ளே முறிந்து கிடப்பதன் மேல் சொட்டுச் சொட்டாக வெல்டிங்கை ஏற்றி மேலே கொண்டுவந்து, அதன் தலையில் நட்டைப் பற்றவைத்து, சூடு இறங்கும் முன்னே மெதுவாகத் திருகி எடுத்திருக்கிறான். அலுமினியத்தில் ஒரு பொறி படவில்லையாம். நூறு பேரில் இரண்டு பேர் செய்வார்கள் இதை. லாரியில் போகிறபோது கிளாட்சனிடம் அவன் நம்பர் கொடுத்திருக்கிறான். அதைப் பிடித்து வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

துண்டுச் சீட்டு ஒன்றும் இல்லை. போல்ட் மட்டும். குத்திக் காட்டுகிறான் தம்பி. உன்னால் முடியவில்லை, நான் எடுத்துவிட்டேன் என்கிறான். என் வீட்டுக்காரி அப்படி இல்லை என்கிறாள். "எடுத்தாச்சு, மனசப் போட்டு ஒளப்பிக்காதீங்கன்னு சொல்லிவிட்டிருக்காரு" என்கிறாள். அவளுக்குப் போல்ட்டைப் பற்றி என்ன தெரியும்? கொடுங்கள், கொடுங்கள், கீழே விழுந்துவிடப் போகிறது. சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

சங்கரன்கோவில் வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? இங்கே பத்து நிமிஷம் நிற்பான்.

தம்பி, ஒரு உதவி. நான் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். ஒரு பேரிங் வாங்க வேண்டியிருக்கிறது. ஆமாம், கோவில்பட்டியிலும் கிடைக்கும். இங்கே கொஞ்சம் நன்றாக இருக்கும். நீங்கள் எப்படியும் புளியங்குடி போகிறீர்கள். எலுமிச்சம்பழ மண்டிக்கு எதிரே ஒரு தகரக் கூரைப் பட்டறை. மீரான் என்று கேட்டால் போதும். பையை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டோவுக்கு நான் தருகிறேன். பயப்படாதீர்கள், திருட்டுச் சாமான் இல்லை, இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் சொன்னேனே. நீங்கள் புளியங்குடி என்று டிக்கெட் கேட்டபோதே உங்களைப் பார்த்தேன். நல்ல முகமாக இருந்தது. அதனால்தான் பின்சீட்டிலிருந்து... சரி, இடுப்பும்தான்.

நான் வந்தால் பேச்சு வளரும். அவன் ஏதாவது சொல்வான், நான் ஏதாவது சொல்வேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால் அதைவிட மோசம்.

ஒரு நிமிஷம். ஜிப்பைத் திறந்துகொள்கிறேன். அவன் சாமானை மட்டும் நேற்றே மண்ணெண்ணெயில் கழுவிவிட்டேன். மீரான் அளவுக்கு வராது, இருந்தாலும் பாருங்கள், மின்னுகிறது. ஆறு ஏழு. எட்டு ஒன்பது. பத்து பதினொன்று, விளாத்திகுளம் போய்விட்டு வந்தது இதுதான். இது பன்னிரண்டு பதிமூன்று. இதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பார்க்கவில்லை. அவன் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஸ்பேனரைப் பற்றி என்ன தெரியும்?

நாளைக்குப் பதினொரு மணிக்குப் பூஜை. அதற்கு முன்னால் வந்தான் என்றால் கையில் கொடுத்துவிடுவேன், வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடலாம். பதினொன்றுக்கு மேலே வந்தால் அது துணியில் இருக்கும். மறுநாள் காலையில் சூடம் காட்டுகிற வரைக்கும் எடுக்க முடியாது. யார் வந்தாலும், எந்த வண்டி வந்தாலும். இந்தத் தடவை நான் விட மாட்டேன். அவன் இருந்துதான் வாங்க வேண்டும். வீட்டில் படுக்கை இருக்கிறது, வீட்டுக்காரி சமைத்துப் போடுவாள்.

டிரைவர் ஏறிவிட்டார். இறங்குகிறேன். பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. வளைவில் நகரும்.

அவனிடம் பதினொன்றுக்கு மேலே வரச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். அப்படிச் சொல்ல வேண்டாம். ஒன்றுமே சொல்ல வேண்டாம், பையை மட்டும் கொடுங்கள். அவன் எண்ணிப் பார்ப்பான்.